மாட்டையும் மடையையும் பிரிக்காதீர்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பாசனத்தையும் கால்நடையையும் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

மூன்று மாதப் பண்ணைப் பயிற்சி இந்த ஆண்டு முதல் கிடையாது. அதற்குப் பதில் ஒருநாள் வகுப்பு அரங்கத்தில் நடக்கும், மதியச் சாப்பாடும் சான்றிதழும் உண்டு என்று நீங்கள் அனுப்பிய அறிவிப்பு எங்கள் பால் சங்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்கப் போனவர்களுக்குக் கிடைத்த பதிலைக் கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கால்நடைப் பயிற்சிக்கு ஒதுக்கிய பணத்தில் ஆட்களைச் சானல் (பாசனக் கால்வாய்) கரைக்கும் மடைக்கும் கூட்டிப் போனதைத் தணிக்கையில் ஆட்சேபித்துவிட்டார்களாம். மாடு ஒரு துறை, தண்ணீர் இன்னொரு துறை. இரண்டையும் ஒரே கணக்கில் எழுத வழியில்லை, அப்போ பயிற்சியையே நிறுத்திவிடலாம் என்று யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள்.

நான் அந்தப் பயிற்சியில் கற்றவள். பி.காம் முடித்துவிட்டு நாகர்கோவிலில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு முடியாமல் போனதும் வயலையும் மாட்டையும் யாராவது பார்க்க வேண்டியிருந்தது. இன்றைக்கு மூன்று கறவை, பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்த கொஞ்சம் வயல், ஒரு துண்டு புல். இதில்தான் வீடு ஓடுகிறது. எந்த அலுவலகம், எந்தச் சானல், யாருடைய பண்ணை என்று இதில் பெயர் எழுதப் போவதில்லை. தனி ஆளைப் பிடித்து இழுக்க எனக்கு விருப்பமில்லை; முடிவு மாறினால் போதும்.

பயிற்சி நடந்தது தோவாளைப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு பண்ணையில். தொழுவம், கிணறு, இரண்டு துண்டு நெல்வயல், கோ 4 என்கிற தீவனப் புல் போட்ட ஒரு தோட்டம், பின்னால் ஒரு கிளைச் சானல். பண்ணைக்காரியை எல்லோரும் மைனி என்றுதான் கூப்பிடுவோம். சானலில் லஸ்கராக, அதாவது மடை திறந்து அடைத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொள்கிற ஊழியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தினமும் விடியற்காலையில் கரை வழியாக நடந்து வந்து எங்களோடு சேர்ந்துகொள்வார். அவர் பாட்டா. மைனி மாட்டைச் சொல்லிக்கொடுப்பார், பாட்டா தண்ணீரைச் சொல்லிக்கொடுப்பார் என்றுதான் காகிதத்தில் இருந்தது. நடந்தது அப்படி இல்லை. பாதி நாள் மைனி எங்களைச் சானலில் இறக்கினார். பாட்டா தொழுவத்தில் சாணியைக் கிளறிக்கொண்டு நின்றார். உங்கள் தணிக்கைக்காரர்கள் கண்டுபிடித்தது சரிதான். இரண்டும் கலந்துதான் நடந்தது. கலக்காமல் நடத்த முடியுமா என்பதுதான் என் கேள்வி.

மாட்டுக்குத் தண்ணி காட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் பெரும்பாலான வீடுகளில் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, கழுநீரில் புண்ணாக்கும் தவிடும் கலக்கி வைப்பதோடு சரி. பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். ஒரு லிட்டர் பால் கறக்கிற மாடு அதற்கென்று மூன்று, நான்கு லிட்டர் தண்ணீராவது குடித்தாக வேண்டும். வெயில் காலத்தில் இன்னும் கூடும். மைனி தொழுவத்தில் எந்நேரமும் தொட்டி நிறைந்திருக்க வேண்டும் என்பார். கறந்து முடித்த உடனே மாடு தலையைத் தொட்டிக்குள் விட்டு உறிஞ்சுகிற வேகத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தால் யாரும் அதற்குப் பிறகு இரண்டு வேளைக் கணக்கு பேச மாட்டார்கள். சரி, இதை அரங்கத்தில் சொல்லிவிடலாம். ஒரு நிமிடம் போதும். ஆனால் அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

கிணற்றிலிருந்து. கிணற்றுக்கு எங்கிருந்து வருகிறது என்று பாட்டா கேட்டபோது எங்களில் பாதிப் பேர் மழை என்றோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கிணற்றுச் சுவரில் கரிக்கோடு போடச் சொன்னார். சானல் ஓடுகிறபோது ஒரு கோடு, அடைத்தபிறகு வாரம் ஒரு கோடு. சானல் அடைத்த பிறகு கிணறு எவ்வளவு வேகமாக இறங்கியது என்பதை அந்தச் சுவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளிலிருந்து ஜூன் 1 முதல் பிப்ரவரி 28 வரைதான் பாசனத்துக்குத் தண்ணீர். பிறகு வருகிற மூன்று மாதமும் எங்கள் மாடு குடிப்பது, அதுவரைக்கும் சானல் ஓடி மண்ணுக்குள் இறங்கி நின்ற தண்ணீரைத்தான். மாசியில் கடைமடைக்குத் தண்ணீர் ஒழுங்காக வரவில்லை என்றால் சித்திரையில் பால் குறையும். இந்தக் கணக்கை உங்கள் இரண்டு துறைகளில் எது எழுதி வைத்திருக்கிறது?

இன்னொன்றையும் அங்கேதான் கற்றோம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து மோட்டார் எல்லாம் நின்றுபோனது உங்களுக்கும் நினைவிருக்கும். கப்பியும் கயிறும் வாளியும் எடுத்துவிடாமல் வைத்திருந்த வீடுகளில்தான் மாடு வேளைக்குத் தண்ணீர் குடித்தது. மைனி கிணற்றில் கப்பி இன்னும் இருக்கிறது. பயிற்சிக்கு வந்த ஒவ்வொருவரும் அதில் இறைத்துத் தொட்டியை நிறைக்க வேண்டும். கை கொப்புளித்தது எல்லோருக்கும்.

அடுத்து ஈரல்புழு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பசுவைக் கொண்டுவந்து கட்டினார்கள். தீனி எடுக்கிறது, ஆனால் இளைத்துக்கொண்டே போகிறது, பால் வற்றிவிட்டது என்றார்கள். மைனி முதலில் தாடைக்குக் கீழே கைவைத்துப் பார்க்கச் சொன்னார். அங்கே தண்ணீர்ப்பை போல ஒரு தொளதொளப்பான வீக்கம். விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக மேலே வந்தது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பே இல்லை, வெளுத்துக் கிடந்தது. மாட்டு ஆஸ்பத்திரியில் சாணியைப் பரிசோதித்து ஈரல்புழு என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். அதோடு முடிந்தது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்க, மைனி அந்த மாடு தினமும் மேய்கிற சானல் கரைக்கு எங்களைக் கூட்டிப் போனார்.

அந்த இடத்தில் சானல் ஓடவில்லை, நின்றது. ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது; கோழிக்கழிவு மூட்டை ஒன்றும் செருகிக் கிடந்தது. பாட்டா இறங்கி ஓர் இலையைத் திருப்பிக் காட்டினார். அடியில் சுண்டுவிரல் நகத்தளவு பழுப்பு நிற நத்தைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. மாட்டுச் சாணியிலுள்ள புழுமுட்டை தண்ணீரில் விழுந்து பொரிக்கும். அந்தக் குஞ்சு இந்த நத்தைக்குள் புகுந்து பெருகும். வெளியே வந்து கரையோரப் புல்லில் கண்ணுக்குத் தெரியாத கூடாக ஒட்டிக்கொள்ளும். புல்லை மேய்கிற மாட்டின் ஈரலில் போய் உட்காரும். ஓடுகிற தண்ணீரில் இந்த நத்தைக்குப் பிழைப்பு கஷ்டம். நிற்கிற தண்ணீர்தான் அதற்கு வீடு. "இந்தா மக்கா, ஒங்க மாட்டுக்குச் சீக்கு இங்கதான் இருக்கு" என்று பாட்டா அந்த இலையை என் கையில் வைத்தார்.

இனி உங்கள் இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் குடற்புழு நீக்க மருந்து கொடுத்தாயிற்று என்று இருக்கும். மற்றதில் சானல் தூர்வாரியாயிற்று என்று இருக்கும், அல்லது நிதி வந்ததும் வாரப்படும் என்று இருக்கும். மருந்து குடித்த மாடு மறுநாள் அதே கரையில் மேய்கிறது. மருந்துக்கும் செலவு, மாட்டுக்கும் நஷ்டம். சானல் அடைத்திருக்கிற பங்குனி, சித்திரையில் பாசியையும் சேற்றையும் வாரிப் போட்டு வெயில் படவிட்டால் நத்தை பெருமளவு செத்துப்போகும். வெறுமனே வற்றினால் போதாது, சில நத்தை சேற்றுக்குள் புதைந்து அடுத்த தண்ணீர் வரும்வரை உயிரோடு கிடக்கும். அந்த நேரத்தில் மாட்டுக்கு மருந்தும் கொடுத்தால் புல்லிலும் புழு குறையும், ஈரலிலும் குறையும். இரண்டு துறையும் ஒரே மாதத்தில் செய்ய வேண்டிய வேலை இது. மைனி அதோடு நான்கைந்து தாராவையும் (வாத்தையும்) சானலில் இறக்கிவிட்டிருந்தார். அவை நத்தையைப் பொறுக்கித் தின்றுவிடும். தாரா எந்தத் துறையின் கீழ் வரும் என்று தணிக்கைக்காரர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

இதை ஒருநாள் வகுப்பில் சொல்ல முடியாதா என்றால், சொல்லலாம். திரையில் நத்தைப் படமும் போடலாம். ஆனால் அந்த வீக்கத்தை ஒருமுறை விரலால் அழுத்திப் பார்த்தவள் எந்த மாட்டின் பக்கத்தில் போனாலும் கை தானாகத் தாடைக்குக் கீழே போகும். படம் பார்த்தவளுக்கு அது வருமா?

மடையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கலாம். கோதையாறு, பட்டணங்கால் பாசனத்தில் 79,000 ஏக்கர், விநாடிக்கு 850 கனஅடி, நிறைந்தால் பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி. இதெல்லாம் உங்கள் சுற்றறிக்கைகளிலேயே வருகிறது. 1906 இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை இன்றைக்கும் நிற்கிறது. மாத்தூர் தொட்டிப்பாலத்தை வெளியூர்க்காரர்கள் படம் எடுத்துப் போகிறார்கள். அதன் மேல் ஓடுவது பாசனத் தண்ணீர் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. அணையில் திறக்கிற தண்ணீருக்கு அளவு இருக்கிறது. கிளைச் சானலில் இருந்து என் வயலுக்குள் வருகிற தண்ணீருக்கு அளவு யாரிடம் இருக்கிறது? பாட்டா மாதிரி ஆட்களின் கண்ணில் இருந்தது.

அவர் கற்றுக்கொடுத்த முதல் பாடம், தண்ணீரின் மேற்பரப்பை நம்பாதே என்பது. சானலில் ஓர் இலையைப் போட்டார். அது வேகமாக ஓடியது. நல்லா ஓடுது என்றோம். கையிலிருந்த கம்பை அடியில் ஊன்றினார். முக்கால் பாகம் சகதி. மேலே ஒரு சாண் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. "மேல போறத பாக்காத மக்கா, அடியில எவ்வளவு கெடக்குன்னு பாரு." மடைப்பலகையைத் தூக்கும்போது வருகிற சத்தத்தை வைத்தே மேல்மடைக்காரர் திறந்திருக்கிறாரா அடைத்திருக்கிறாரா என்று சொல்லிவிடுவார். வரப்பில் நண்டு வளை இருந்தால் பக்கத்து வயலில் ஈரம் எங்கே தெரியும், அதை எங்கிருந்து மிதித்து அடைக்க வேண்டும், மடைவாயில் சேறு கரையாமல் நிற்க வைக்கோலை எப்படிச் சுருட்டி வைக்க வேண்டும்... இவற்றை இருட்டில், டார்ச் வெளிச்சத்தில், முழங்கால் தண்ணீரில் நின்று கற்றோம். முறைத்தண்ணீர் பகலில்தான் வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லையே. ராத்திரித் தண்ணீருக்குப் பெண்கள் தனியாகப் போவது எப்படி என்பதையும் அங்கேதான் பேசினோம். இரண்டு இரண்டு பேராகப் போவது, மேல்மடைக்காரரின் போன் நம்பரை வைத்துக்கொள்வது என்று எங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அது இன்றைக்கும் நடக்கிறது.

வயலில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும் என்பது எங்கள் அப்பா காலத்துப் பழக்கம். மைனி வயலில் துளை போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயை மண்ணுக்குள் இறக்கி வைத்திருந்தார். தண்ணீர் மண்மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே இறங்கும்வரை மடையைத் திறக்க விடமாட்டார். பூக்கிற சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது, ஐந்து சென்டிமீட்டர் நிற்க வேண்டும். இப்படி மிச்சமாகிற முறைத்தண்ணீரை அவர் எங்கே விட்டார் தெரியுமா? புல்லுக்கு. கோ 4 புல் நட்ட 75, 80 நாளில் முதல் அறுப்புக்கு வரும், அதற்குப் பிறகு 45 நாளுக்கு ஒருமுறை அறுக்கலாம். ஒவ்வொரு அறுப்புக்கும் பிறகு தண்ணீர் வேண்டும். தொழுவம் கழுவின சாணித்தண்ணீரையும் சேர்த்து விட்டால் யூரியாச் செலவு குறையும். ஆனால் அதே புல்லுக்கு ஐப்பசி அடைமழையில் தண்ணீர் தேங்கினால் தூர் அழுகிவிடும். அப்போ வடிகால் வெட்ட வேண்டும். ஆக, நெல்லுக்கு எவ்வளவு விடுவது என்று தெரியாதவருக்கு மாட்டுக்குப் பசுந்தீவனம் கிடையாது. இதில் எந்த வரியைக் கால்நடைக் கணக்கில் எழுதுவீர்கள், எந்த வரியைப் பாசனக் கணக்கில் எழுதுவீர்கள்?

வைக்கோலும் அப்படித்தான். சானல் தண்ணீர் தாமதமானால் கன்னிப்பூ, அதாவது முதல் போக நெல், தப்பும். கன்னிப்பூ தப்பினால் வைக்கோல் இரண்டாம் போகமான கும்பப்பூ அறுப்புக்குத்தான். அதுவரை திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து லாரியில் வருகிற கட்டை, கேட்ட விலைக்கு வாங்க வேண்டும். வாங்க முடியாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். வெயில் காலத்தில் பச்சை எதுவும் இல்லாதபோது மரச்சீனி (மரவள்ளி) இலையைப் பறித்துப் போடுகிறார்கள். வாடாத மரச்சீனி இலையில் விஷம் உண்டு. பசித்த மாடு அதை அவசரமாகத் தின்றால் நடுங்கி, மூச்சு வாங்கி, டாக்டர் வருவதற்குள் விழுந்துவிடும். இலையை வெயிலில் நன்றாக உலர்த்திய பிறகு, அதுவும் கொஞ்சமாக, மற்ற தீனியோடு கலந்துதான் கொடுக்கலாம் என்று மைனி சொன்னது எங்கள் தெருவில் இப்போது எல்லோருக்கும் தெரியும். நான் சொல்லித்தான் தெரியும். அது எனக்கு அந்தப் பண்ணையில் தெரிந்தது.

மடிநோய் பற்றி ஒரு வார்த்தை. கறந்த பிறகு காம்பின் துளை மூட அரைமணி நேரமாவது ஆகும். அதுவரை மாடு படுத்தால் தரையிலிருக்கிற கிருமி காம்புக்குள் ஏறிவிடும், அதனால் கறந்ததும் தீனி போட்டு நிற்க வைக்க வேண்டும். இது எந்தக் கையேட்டிலும் இருக்கும். ஆனால் எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் அடைபட்ட சானல் நிரம்பித் தொழுவத்துக்குள் வந்துவிட்டால் மாட்டை எவ்வளவு நேரம் நிற்க வைப்பது? அது படுத்து மடிநோய் வந்துவிட்டால், முதல் பாலைக் கறுப்புத் துணி கட்டின கிண்ணத்தில் பீச்சிப் பார்த்தால் திரிதிரியாக விழும். சங்கத்தில் அந்தப் பாலை வாங்க மாட்டார்கள். அதற்கு ஊசி போடும் டாக்டருக்கு அந்தச் சானல் ஏன் அடைபட்டது என்பது சம்பந்தமில்லாத விஷயம். எங்களுக்கு அது ஒன்றுதான் சம்பந்தம்.

உங்களிடம் சொல்ல வேண்டிய நல்லதையும் சொல்லிவிடுகிறேன். கோமாரித் தடுப்பூசிக்கு ஆண்டுக்கு இரண்டு தடவை வீடு வீடாக வருகிறார்கள், காசு வாங்குவதில்லை. அதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. பழைய பயிற்சியில் குறை இல்லாமலும் இல்லை. உதவித்தொகை தாமதமாக வந்தது. பெண்களுக்குக் கழிப்பறை வசதி சரியில்லை. பயிற்சி எடுத்தவர்கள் எல்லோரும் மாடு வளர்க்கவுமில்லை. ஒருவர் வளைகுடாவுக்குப் போய்விட்டார், ஒருவர் பால் சங்கத்தில் வேலை பார்க்கிறார். இதைச் சொல்லித்தான் 'பலன் குறைவு' என்று நீங்கள் எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். பால் சங்கத்தில் வேலை பார்ப்பது பலன் இல்லையா? வளைகுடாவிலிருந்து அவர் திரும்பி வரும்போது அவருடைய வயல் வயலாகவே இருக்க வேண்டும் என்றால், யாராவது இங்கே மடை பார்க்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டாமா?

பாசன அமைப்புகளை விவசாயிகளே மேலாண்மை செய்ய 2000 ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி தண்ணீரைப் பங்கிடுவதிலும் சானலைப் பராமரிப்பதிலும் எங்கள் பாசனச் சங்கங்களுக்கு வேலை இருக்கிறது. அந்த வேலையைச் செய்யத் தெரிந்த வயதானவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பாட்டா ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கிளைச் சானலுக்கு லஸ்கர் போடவே இல்லை. மடைச்சாவி ஒருவர் வீட்டில் இருக்கிறது, அவர் ஊரில் இல்லாத நாளில் தண்ணீரும் இல்லை. கற்றுக்கொடுக்க இருந்த ஒரே இடத்தையும் மூடிவிட்டு எங்களிடம் மேலாண்மை செய்யச் சொன்னால் எதைக் கொண்டு செய்வது?

எனவே நான் கேட்பது இதுதான்.

பண்ணைப் பயிற்சியைத் திரும்பத் தொடங்குங்கள். தணிக்கை ஆட்சேபம்தான் காரணம் என்றால், பாசனத்துக்கும் கால்நடைக்கும் பொறுப்பான இரண்டு அலுவலகமும் சேர்ந்து ஒரே ஆணையாகப் போடுங்கள்; செலவைப் பாதி பாதியாக எழுதுங்கள். மாவட்ட அளவில் இதைச் சேர்த்துவைக்கும் அதிகாரம் உங்களில் மேலே இருப்பவருக்கு உண்டு. ஒருநாள் வகுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டுமானால் அது பயிற்சிக்கு ஆள் சேர்க்கிற நாளாக இருக்கட்டும்.

மூன்று மாதமும் தொடர்ச்சியாக நடத்த வேண்டியதில்லை. ஒரு மாதம் சானல் அடைத்திருக்கிற பங்குனியில்: தூர்வாருதல், நத்தை, கிணற்றுக் கணக்கு. ஒரு மாதம் ஜூனில் தண்ணீர் திறக்கும்போது: மடை, முறைத்தண்ணீர், நாற்றங்கால், புல். ஒரு மாதம் ஐப்பசி மழையில்: வடிகால், மடிநோய், தொழுவம். வேலைக்குப் போகிறவர்களும் பிள்ளைக்காரிகளும் இப்படியானால் வர முடியும். உதவித்தொகையை அந்தந்த மாத முடிவில் கொடுங்கள். பெண்களுக்குக் கழிப்பறை இல்லாத பண்ணையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ஓய்வு பெற்ற லஸ்கர்களில் உடம்புக்கு முடிகிறவர்களைப் பயிற்றுநர்களாக அழைத்து, பயிற்றுநருக்குரிய சம்பளம் கொடுங்கள். பாட்டாவுக்கு நீங்கள் கொடுத்தது டீச்செலவு. அதோடு காலியாக இருக்கும் லஸ்கர் இடங்களை நிரப்புங்கள், பயிற்சி முடித்தவர்களை அதற்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள், பெண்களையும் சேர்த்து.

குடற்புழு மருந்து முகாமையும் சானல் தூர்வாரும் வேலையையும் ஒரே மாதத்தில் வையுங்கள். எந்தக் கிளைச் சானலில் எப்போது வாருகிறீர்கள் என்ற பட்டியலை மாட்டு ஆஸ்பத்திரியிலும் ஒட்டுங்கள். தண்ணீர் திறப்பதையும் அடைப்பதையும் முறை மாறுவதையும் ஒருநாள் முன்னதாக ஊராட்சி அலுவலகத்திலும் பால் சங்கத்திலும் எழுதிப் போடுங்கள். பால் சங்கத்துக்குத் தினம் இரண்டு வேளை ஊரே வருகிறது, அதைவிட நல்ல அறிவிப்புப் பலகை உங்களுக்குக் கிடைக்காது.

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு நாங்கள் வருகிறோம். அதற்குள் இதற்கு எழுத்தில் பதில் வேண்டும். முடியும் என்றால் எந்த மாதம் தொடங்கும் என்று எழுதுங்கள். முடியாது என்றால் காரணத்தை எழுதுங்கள், 'பரிசீலனையில் உள்ளது' என்று மட்டும் எழுதாதீர்கள். ஒருநாள் வகுப்புக்கு நீங்கள் அனுப்பிய படிவத்தை நான் நிரப்பவில்லை, எங்கள் சங்கத்தில் இன்னும் சிலரும் நிரப்பவில்லை. அவை பால் சங்கத்து மேசையில்தான் இருக்கின்றன. பண்ணைப் பயிற்சிக்கான படிவம் வந்தால் அன்றைக்கே நிரப்பிக் கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
தோவாளை வட்டாரத்திலிருந்து,
உங்கள் பண்ணைப் பயிற்சியில் கற்ற ஒருத்தி